காயம் ஆற ஆள் வேண்டும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனக்காயத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். அழைப்பிதழில் ‘ட்ராமா’ என்றே போட்டிருந்தீர்கள். அந்தச் சொல் இப்போது எல்லோர் வாயிலும் புழங்குகிறது. நான் அதைக் கேலி செய்யவில்லை. வலிக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்தப் பெயரோடு ஒரு தீர்வும் கூடவே வந்து இறங்கியிருக்கிறது. காயம் உனக்குள் இருக்கிறது, ஆகவே நீ தனியாக உட்கார்ந்து மூச்சைக் கவனி, நாட்குறிப்பு எழுது, கையில் காசிருந்தால் ஆலோசகரைப் பார். காயப்படுத்தியவர்கள் யார், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தீர்வில் இடமே இல்லை.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். நான் மனநல மருத்துவர் கிடையாது, சமூகவியலில் ஆய்வு செய்கிறேன். இரவெல்லாம் தூக்கம் வராதவர்கள், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்கள் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பேச வந்தது மருத்துவமனைக்கு வெளியே நடக்க வேண்டிய வேலையைப் பற்றி. சாதி தரும் காயம் மனிதர்களுக்கு நடுவில் விழுகிறது. அது ஆறுவதும் மனிதர்களுக்கு நடுவில்தான். எப்படிப்பட்ட மனிதர்கள், எப்படிப்பட்ட சேர்க்கை என்பதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

வாச்சாத்தியிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பலர் அதற்குப் பின்னால் பிறந்தவர்கள். ஏறக்குறைய என் வயதுதான் அந்த வழக்குக்கும்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடி ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தார்கள். அகப்பட்டவர்களை எல்லாம் ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளிப் பருவத்துச் சிறுமியும் உண்டு. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடு கோழிகளைத் தின்றார்கள், கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்துவிட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். தப்பியவர்கள் மலைக்கு ஓடினார்கள். ஊர் காலியானது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆளைக் காயப்படுத்துவதோடு அவர்கள் நிற்கவில்லை. நாலு பேர் கூடி உட்காரும் மரத்தடி, தண்ணீர் எடுக்கும் கிணறு, சேர்ந்து சமைத்துச் சாப்பிட வைத்திருந்த தானியம் என்று ஊரை ஊராக வைத்திருந்த எல்லாவற்றையும் தேடிப் பிடித்துக் கெடுத்தார்கள். கிணற்றில் எண்ணெயை ஊற்றுவதற்கும் சந்தனக்கட்டைக்கும் என்ன சம்பந்தம்? திரும்பி வந்தாலும் இங்கே சேர்ந்து வாழ முடியாது என்று சொல்வதற்காகச் செய்தது அது.

அதன் பிறகு நடந்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியம். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்றது அரசு. மரம் கடத்துகிறவர்கள் கதை கட்டுகிறார்கள் என்றது. இந்த நேரத்தில் அந்தப் பெண்களிடம் போய் உட்கார்ந்து, சொன்னதைக் கேட்டு, நம்பியவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்களும். பிறகு மாதர் சங்கத் தோழர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று அலைந்து, 1995-இல் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்கள் வரிசையாக நின்ற சீருடைக்காரர்களுக்கு நடுவில் நடந்துபோய் இவன்தான் என்று கைகாட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டின்போது உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சில் நேரில் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் இழப்பீடு, அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார்.

31 ஆண்டுகள். அந்தப் பெண்கள் முழுதாகக் குணமாகிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் கிடையாது. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா போய், வக்கீல்கள் கேட்கிற கேவலமான கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, 31 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க ஒரு தனி மனிதரால் முடியாது. இதைச் சாதித்தது அவர்களுக்குள்ளும் அவர்களைச் சுற்றியும் இருந்த கட்டு.

இங்கே ஒரு தற்செயலைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட ஆண்டுக் கணக்குகளில் ஒரு பைத்தியம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். வாச்சாத்தி நடந்த அதே 1992-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் எழுதிய ‘ட்ராமா அண்ட் ரெக்கவரி’ வெளியானது. மனக்காயத்தைப் பற்றி எழுதுகிற யாரும் இன்றைக்கும் அதைத் தாண்டிப் போக முடியாது. வன்கொடுமை இரண்டு காரியம் செய்கிறது என்கிறார் அவர். ஆளின் கையிலிருந்த வலிமையைப் பறிக்கிறது, மற்றவர்களோடு இருந்த தொடர்பை அறுக்கிறது. அதனால் குணமாவதும் அந்த இரண்டு வழியில்தான் நடக்க வேண்டும். முதலில் பாதுகாப்பு. அடுத்து, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுதல். அதற்கடுத்து மனிதர்களோடு மறுபடி சேர்தல். இது எதுவும் தனிமையில் நடக்காது, உறவுக்குள்தான் நடக்கும் என்பது அவருடைய உறுதியான முடிவு.

அந்தப் புத்தகத்தில் எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. மனக்காயத்தைப் பற்றிய அறிவே இயக்கங்கள் இருந்தால்தான் வளரும், இயக்கம் ஓய்ந்தால் அந்த அறிவும் மறக்கப்பட்டுவிடும் என்று அவர் வரலாற்றைக் காட்டிச் சொல்கிறார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1970 வாக்கில் போர் எதிர்ப்பு அமைப்பு கட்டி, தங்களுக்குள் வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். சில மனநல மருத்துவர்களைத் தங்களோடு உட்காரக் கூப்பிட்டார்கள். அதே காலத்தில் பெண்ணியக் குழுக்களும் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து, அதுவரை வெளியே சொல்லாத கொடுமைகளைப் பேசிக்கொண்டிருந்தன. அந்த அழுத்தமும் சேர்ந்துதான் 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பி.டி.எஸ்.டி. என்ற பெயரைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் இன்று கைபேசியில் பார்க்கும் அந்தச் சொல் ஆலோசகர் அறையில் பிறந்தது அல்ல. கூட்டத்தில் பிறந்தது.

ஹெர்மனின் அடுத்த முக்கியமான நூல், ‘ட்ரூத் அண்ட் ரிப்பேர்’, 2023-இல் வந்தது. வாச்சாத்தி மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்த அதே ஆண்டு. பாதிக்கப்பட்டவர்களிடம் நீதி என்றால் உங்களுக்கு என்ன என்று அதில் கேட்கிறார். தண்டனையைவிடவும் அவர்கள் பெரிதாகக் கேட்பது, சுற்றி இருக்கிற சமூகம் ஆமாம் இது நடந்தது, தப்பு உன்மேல் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதைத்தான். அவர் வாச்சாத்தியைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருந்தால் புத்தகம் இன்னும் கனமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

சொல்வதும் கேட்பதும் எப்படி மருந்தாகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முயற்சி இருக்கிறது. பினோஷே ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்களின் கதைகளை சிலி நாட்டு உளவியலாளர்கள் அவர்களோடு சேர்ந்து எழுதினார்கள். அது சிகிச்சையாகவும் இருந்தது, ஆட்சிக்கு எதிரான சாட்சியமாகவும் இருந்தது. வாரணாசியில் இயங்கும் பி.வி.சி.எச்.ஆர். என்ற மனித உரிமை அமைப்பு, டென்மார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் இங்கர் ஆகரோடு சேர்ந்து 2008 முதல் அந்த முறையைக் காவல்துறைச் சித்திரவதைக்கு ஆளானவர்களிடையே கொண்டுவந்தது. முசகர் மக்கள் போன்ற தலித் சமூகத்தவரிடையே வேலை செய்யும் அமைப்பு அது. முதல் இரண்டு அமர்வுகளில் பாதிக்கப்பட்டவர் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள், வாசித்துக் காட்டுகிறார்கள், அவர் திருத்துகிறார். பிறகு ஊரைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் அந்தச் சாட்சியத்தை வாசித்து, பிரதியை மரியாதை செய்து அவர் கையில் கொடுக்கிறார்கள். கடைசியாக ஒருமுறை போய் எப்படி இருக்கிறார் என்று பார்க்கிறார்கள். எனக்கு இதில் உயிரான பகுதி அந்த மூன்றாவது கட்டம். காவல் நிலையத்தில் அடித்து, இவன் திருடன் என்று ஊர் முன்னால் இழுத்துக்கொண்டு போனார்களே, அந்த அவமானம் நடந்தது பொதுவில். நாலு சுவருக்குள் ஒரு ஆலோசகர், நீங்கள் மதிப்புள்ளவர் என்று எத்தனை தடவை சொன்னாலும் அது போகாது. அதே ஊர் முன்னால் போக வேண்டும்.

அந்த ஊர், அந்த அக்கம்பக்கம் கலைந்துபோனால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற சுரங்கத் தொழிலாளர் பள்ளத்தாக்கு. 1972 பிப்ரவரி 26 அன்று நிலக்கரிக் கம்பெனி கட்டியிருந்த கழிவுநீர் அணை உடைந்து 125 பேர் செத்தார்கள். ஏறத்தாழ 4,000 பேருக்கு வீடு போனது. அரசு தற்காலிக வீடுகளை உடனே கொடுத்தது. ஆனால் யார் யாருக்குப் பக்கத்து வீடு என்று பார்க்காமல் கொடுத்தது. கை் எரிக்சன் என்ற சமூகவியலாளர் அங்கே போய் மக்களிடம் பேசினார். வெள்ளம் தந்த அதிர்ச்சி ஒன்று, அக்கம்பக்கம் சிதறிப்போன அதிர்ச்சி இன்னொன்று, இரண்டாவதுதான் ஆறவிடாமல் தடுக்கிறது என்று கண்டார். ‘கூட்டு மனக்காயம்’ என்று நாம் இன்று சொல்வதற்கு அவருடைய நூல் ஒரு பெரிய அடித்தளம்.

இதைப் படித்தபோது எனக்குக் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும்தான் நினைவுக்கு வந்தன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து வெளியேற்றிய மக்களை, பெரும்பான்மை தலித் மக்களை, நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குமாடியில் அடைத்தது அரசு. குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கும்போது, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா எட்டாவது மாடிக்கும், இவர் வேறு பிளாக்குக்கும் போய்விடுவார்கள். கூரை கொடுத்தோமே என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். அக்காவை எங்கே என்று நாம் கேட்க வேண்டும்.

சரி, சேர்ந்திருந்தால் குணமாகும் என்று சொல்லி நான் உட்கார்ந்துவிட்டால் உங்களில் யாராவது எழுந்து கேட்பீர்கள்: சாதியும் சேர்ந்திருப்பதுதானே? நியாயமான கேள்வி. தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் கையில் கட்டியிருக்கும் கலர் கயிறும் ஒரு வகை ஒட்டுறவுதான். நமக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்ற தைரியத்தை அதுவும் தருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். தனிமையில் வாடியவர்கள் இல்லை அவர்கள். அளவுக்கு மேல் ‘சொந்தம்’ இருந்தவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கலாம். கயிறு கொடுத்த கதகதப்புக்குப் பதிலாக அந்தப் பையனுக்கு எதைத் தரப்போகிறோம் என்பது இன்னும் பதில் இல்லாத கேள்வி.

தமிழில் ‘சொந்தம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது பாருங்கள். உறவு என்றும் பொருள், உடைமை என்றும் பொருள். சாதி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நீ எங்கள் சொந்தம், ஆகவே நீ எங்களுக்குச் சொந்தம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கரை வெட்டிக் கொன்றதும் கௌசல்யாவை வெட்டியதும் இந்த இலக்கணப்படிதான். கௌசல்யா பிழைத்து எழுந்து, பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். ரத்த உறவு வெட்டியது. தாங்கிப் பிடித்தது சங்கரின் குடும்பமும் சாதி ஒழிப்பு இயக்கத் தோழர்களும். பறை கற்றுக்கொண்டார், மேடையேறிப் பேசினார். 2020-இல் உயர் நீதிமன்றம் அவருடைய தந்தையை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு கொடுத்த அடியையும் அவர் தாங்க வேண்டியிருந்தது.

அதனால் நான் பிரித்துப் பார்ப்பது இப்படி. ஒரு சேர்க்கை, நடந்ததை வெளியே சொல்லாதே, நம் மானம் போகும் என்று உங்களிடம் சொன்னால் அது காயத்தின் பக்கம் நிற்கிறது. குடும்பமாக இருந்தாலும் சரி, நம் சொந்த அமைப்பாக இருந்தாலும் சரி. நம் அமைப்புகளிலும் பெண்கள் புகார் சொன்னால், இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வரும், எதிரி பயன்படுத்திக்கொள்வான் என்று வாயை அடைப்பது நடக்கிறது. இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. ஊர் மானம் என்று கௌரவத்தைப் பேசுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் குறைவு. இன்னொன்று, விலகிப் போக உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது தொழுவம். அம்பேத்கர் ஜனநாயகத்தை வெறும் ஆட்சி முறையாகப் பார்க்காமல் சேர்ந்து வாழும் முறையாகப் பார்த்தார். சுதந்திரம், சமத்துவத்தோடு சகோதரத்துவத்தையும் அவர் விடாமல் வலியுறுத்தியதற்குக் காரணம், சாதி முதலில் அறுப்பது அதைத்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கசப்பான பகுதிக்கு வருகிறேன். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் மாணவர்களுக்குக் கொடுத்த தண்டனை என்ன தெரியுமா? வகுப்புக்குப் போகலாம், நூலகத்துக்குப் போகலாம். விடுதியில் தங்கக் கூடாது, பொது இடங்களில் கூட்டாக இருக்கக் கூடாது, மாணவர் தேர்தலில் பங்கெடுக்கக் கூடாது. படிப்பைத் தொடவில்லை, சேர்க்கையைத்தான் குறிவைத்தார்கள். ஊர்விலக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதிய உத்தரவு அது. அந்த மாணவர்கள் 2016 ஜனவரியில் வளாகத்திலேயே திறந்தவெளியில் கூடாரம் போட்டு, தலைவர்களின் படங்களை வைத்து, அதற்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று பொருள். ஒதுக்கிய இடத்தையே கூடும் இடமாக்கினார்கள்.

அப்படியிருந்தும் ஜனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம். சேர்ந்திருப்பதே போதும் என்றால் அவர் இன்று நம்மோடு இருந்திருக்க வேண்டும். அவரைச் சுற்றி அம்பேத்கர் மாணவர் சங்கத் தோழர்கள் இருந்தார்கள், அன்பு இருந்தது. ஆனால் காயப்படுத்தும் கை நிற்கவில்லை. தினமும் குத்திக்கொண்டே இருக்கும்போது எந்தக் களிம்பும் ஆற்றாது. ஹெர்மன் பாதுகாப்பை முதலில் வைத்ததற்கு இதுதான் காரணம். அதனால் நிர்வாகங்கள் ‘மனநல விழிப்புணர்வு வாரம்’ கொண்டாடும்போது, நாம் ஆதரவுக் குழு வைத்துக்கொள்கிறோம் என்று திருப்தியாகிவிடாதீர்கள். உதவித்தொகையை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டு யோகா வகுப்பு நடத்துவதை நானே பார்த்திருக்கிறேன். உதவித்தொகையைக் கொடுத்தால் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும்.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். விடுதியில் ஒருவர் வந்து இப்படி நடந்தது என்று சொன்னால் முதல் வேலை நம்புவது. ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பதற்கு விசாரணை அதிகாரி இருக்கிறார், நாம் எதற்கு? ஒரே கதையைப் பத்துப் பேரிடம் பத்துத் தடவை சொல்ல வைக்காதீர்கள். அவர் சம்மதத்தோடு ஒருவர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவரே வாசித்துத் திருத்தட்டும். அதை யாரிடம் காட்டலாம், காட்டக் கூடாது என்பது அவர் முடிவு. புகார் கொடுக்க வேண்டாம் என்றால் அதற்கும் அவரோடு நில்லுங்கள். போராட்டத்துக்கு முகம் வேண்டும் என்பதற்காக யாரையும் மேடைக்கு இழுக்காதீர்கள்.

வழக்கு என்று போனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். 2015 திருத்தத்தில் வந்தது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, விசாரணைக்குப் போய்வரச் செலவு, மறுவாழ்வு எல்லாம் அதில் உரிமையாக இருக்கிறது. தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் துணையை நாடுவதும் அவர்களுடைய உரிமை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. கூட ஆள் வேண்டும் என்பது சட்டத்திலேயே ஏறியிருக்கிறது, தோழர்களே. கேட்டு வாங்குவதற்குத்தான் ஆள் குறைவு.

முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். படம் எடுப்பார்கள், பதிவு போடுவார்கள். ஆறாவது மாதம், மூன்றாவது வருடம், வாய்தா தள்ளிப்போன ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நீதிமன்ற வராண்டாவில் அவர்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். அப்போது டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். அதற்கு உளவியல் பட்டம் வேண்டாம், பஸ் காசும் ஒரு நாள் விடுப்பும் போதும். கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மாதத்தில் எந்த நாள் உங்களால் போக முடியும் என்று பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள்.